நமாக்வாலாந்து டெய்சியை டர்பன் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா?

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் ஓர் அம்மையார் கேட்டிருப்பது இது: சென்ற ஆகஸ்டில் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலுள்ள நமாக்வாலாந்துக்குப் போய், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடந்த டெய்சிகளைப் பார்த்துவிட்டு வந்து, விதைப் பொட்டலம் ஒன்று வாங்கிச் செப்டம்பரில் வீட்டின் முன்பாத்தியில் தூவினார். நன்றாக முளைத்த செடிகள் சில பூக்களோடு நின்றுவிட்டு, டிசம்பரில் அடித்தண்டு கறுத்து அழுகிப்போயின. வறட்சியைத் தாங்கும் காட்டுப்பூ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தும் ஏன் இப்படி ஆயிற்று, குழாயில் தண்ணீர் வராத நாள்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இதை டர்பனில் வளர்க்க முடியுமா, முடியாதென்றால் இதற்கு ஈடாக எதை வைக்கலாம் என்பன அவருடைய கேள்விகள்.

வளர்க்க முடியும், அம்மா. நீங்கள் விதைத்த முறையில் பெரிய குறை இல்லை. விதைத்த மாதம்தான் பொருந்தவில்லை. டிமார்ஃபோதீக்கா சினுவாட்டா என்று தாவரவியலார் குறிப்பிடும் இந்தச் செடி ஓராண்டுச் செடி. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் பச்சை வாழ்வு ஆண்டில் பாதிதான். வறட்சியைத் தாங்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருப்பது பாதி உண்மை. கற்றாழையைப் போல நீரைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொண்டு கோடையைக் கடக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. கோடை வருமுன்பே பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடுகிறது. வறண்ட மாதங்களை விதையாகக் கிடந்து கழிக்கிறது. எனவே, இச்செடிக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்று கேட்பதற்கு முன், அதன் சொந்த ஊரில் எந்த மாதங்களில் மழை பெய்கிறது என்று கேட்பதே முறை. மற்றவை எல்லாம் அதிலிருந்து தாமே விளங்கும்.

கேப் டவுனுக்கு வடக்கே ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பொக் நகரையும், அதற்குத் தெற்கே காமீஸ்க்ரூன் முதலிய சிற்றூர்களையும் கொண்டது நமாக்வாலாந்து. அங்கே ஆண்டு முழுவதும் சேர்த்துப் பெய்யும் மழை பல இடங்களில் 150 முதல் 250 மில்லிமீட்டர் வரைதான். அதிலும் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்மாதங்களில் பெய்கிறது. இலையுதிர் காலத்து முதல் மழையில் முளைத்து, குளிரில் மெல்ல வளர்ந்து, ஜூலை முதல் செப்டம்பர் இறுதி வரை பூத்து, வெயில் ஏறும்போது காய்ந்து உதிர்வது இந்த டெய்சியின் ஆண்டுக் கணக்கு. டர்பனின் கணக்கோ நேர்மாறானது. ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை பெறும் நம் கடற்கரையில் பெருமழை அக்டோபரிலிருந்து மார்ச் வரையிலும், வறட்சி ஜூன், ஜூலை மாதங்களிலும் வருகின்றன. செப்டம்பரில் நீங்கள் தூவிய விதைக்கு முளைக்கும் வெப்பமும் ஈரமும் கிடைத்தன; ஆனால் வேர் ஊன்றி நின்ற காலத்தில் அது தன் வாழ்நாளில் கண்டிராத புழுக்கமும் சேறும் சேர்ந்து வந்தன. அந்தப் புழுக்கத்தில் பெருகும் பூஞ்சைகள் முதலில் தாக்குவது மண்ணை ஒட்டியிருக்கும் தண்டைத்தான். நீங்கள் கண்ட கறுப்பு அதுவே. தண்ணீர் குறைந்து அது சாகவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வடகோளத்தின் மழைக்கு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளராக இங்கு வந்திறங்கியவர்கள் அந்தப் பழமொழியையும் கூடவே கொண்டுவந்திருப்பார்கள். கரும்புத் தோட்டத்து முதல் ஆண்டிலேயே அது இந்த மண்ணில் செல்லாது என்பதையும் கண்டிருப்பார்கள். இங்கே ஆடி நடுக்குளிர்காலம். நமாக்வாலாந்து டெய்சிக்கு உரியது பங்குனிப் பட்டம், அதாவது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. மே முதல் வாரம் வரை தாமதித்தாலும் பாதகமில்லை. அதற்குப் பிறகு விதைத்தால் செடி சிறுத்தே பூக்கும். பங்குனியில் விதைத்தால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் முதல் பூக்களைக் காணலாம்.

இடத் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். இந்தப் பூ வெயில் பட்டால்தான் விரியும். காலை பத்து, பத்தரை மணிக்கு மேல் விரிந்து, மாலை நான்கு மணியளவில் கூம்பிவிடும். மேகம் மூடிய நாளிலும் குளிர்ந்த நாளிலும் விரியாமலேயே இருக்கும். டர்பன் மகரரேகைக்குத் தெற்கே இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் நமக்கு வடக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. குளிர்காலத்தில் அது நன்றாகத் தாழ்ந்தும் விடுகிறது. வீட்டின் தென்புறம் ஜூன் மாதத்தில் நாள் முழுவதும் நிழலில் கிடப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். மாடி வீடாக இருந்தால் அந்த நிழல் பக்கத்து வேலியையும் தாண்டும். ஆகவே பாத்தி வீட்டுக்கு வடபுறத்தில்தான் அமைய வேண்டும். கோடையில் வெயில் விழுந்த இடம் குளிர்காலத்திலும் வெயில் பெறும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. விரிந்த பூக்கள் அத்தனையும் சூரியனைப் பார்த்தே, அதாவது வடக்கு நோக்கியே முகம் காட்டும். நமாக்வாலாந்தில் வழிகாட்டிகள் பயணிகளைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வது இதனால்தான். எதிர்த்திசையில் நின்றால் கண்ணில் படுவது பூக்களின் பின்புறமே. வீட்டு வடபுறத்தில் மதிலோரமாகப் பாத்தி எடுத்துவிட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், முகம் எல்லாம் தெருவில் போகிறவர்களுக்கும் முதுகு எல்லாம் உங்களுக்கும் கிடைக்கும். வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டியே பாத்தியை எடுத்து, நடைபாதையைப் பாத்திக்கு வெளியே வடக்கில் விட்டுவிடுவது நல்லது. வாசலிலிருந்து வீட்டை நோக்கி நடந்து வருகையில் பூக்கள் எதிர்கொண்டு நிற்கும். சாட்ஸ்வர்த்தில் பல மனைகள் சரிவில் இருக்கின்றன. உங்கள் மனை வடக்கு நோக்கிச் சரியுமானால் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வெயிலும் முழுமையாகக் கிடைக்கும், நீரும் தேங்காது.

மண்ணைப் பொறுத்தவரை, தாராள மனம் இங்கே உதவாது. நமாக்வா தேசியப் பூங்காவின் ஸ்கில்பட் பகுதியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பெருந்திரள் பூக்கள் மலர்வது, ஒருகாலத்தில் கோதுமை விளைந்து பின்னர் கைவிடப்பட்ட வயல்களில். கிளறப்பட்ட, வேறு செடிகளின் போட்டி இல்லாத, சத்துக் குறைந்த மண்ணில் இது கூட்டமாகச் செழிக்கிறது. கோழி எருவும் யூரியாவும் போட்டால் இலை மண்டி, தண்டு நீண்டு சாய்ந்து, பூ குறையும். முன்னாளில் ஒருமுறை கம்போஸ்ட் இட்ட பாத்தி என்றால் அதுவே போதும். களிமண் பாங்கான மனையில், மண்ணோடு பருமணலை மூன்றில் ஒரு பங்கு கலந்து, தரைமட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் மேட்டுப்பாத்தி எடுக்க வேண்டும். டர்பனின் பெரியா மேட்டிலும் கடலோரத்திலும் உள்ள சிவப்பு மணல் மண்ணுக்கு இந்த வேலை எதுவும் தேவைப்படாது.

கையில் மிச்சமிருக்கும் விதையை எறிந்துவிட வேண்டாம். பொட்டலத்தைக் கொட்டிப் பார்த்தால் இருவகை விதை தெரியும். பூவின் நடுவட்டத்தில் உண்டானவை தட்டையாக, தாள் போன்ற சிறகுடன் இருக்கும். ஓரத்து இதழ்ப்பூக்களில் உண்டானவை சிறகின்றி, சிறு முடிச்சுகளோடு குச்சித் துண்டு போலத் தோன்றும். குச்சி போன்றவற்றைச் சிலர் குப்பை என்று ஊதித் தள்ளிவிடுகிறார்கள், அவையும் விதையே. சிறகுள்ளவை காற்றில் விலகிப் போக, சிறகில்லாதவை தாய்ச்செடியின் அடியிலேயே விழுகின்றன. எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்துவிடுவதில்லை. மழை பொய்க்கும் நாட்டில், இருக்கும் நெல் முழுவதையும் ஒரே நாளில் குத்திவிடாத குடும்பத்தலைவியின் எச்சரிக்கை அது. இதனால் தோட்டக்காரருக்குக் கிடைக்கும் பயன், ஓராண்டு விதைத்த பாத்தியில் மறு ஆண்டும் சில செடிகள் தாமாகவே எழும் என்பது.

மார்ச் தொடக்கத்தில் இருபது விதைகளை எடுத்து ஈரத்தாளில் மடித்து, தட்டால் மூடி, நிழலில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் பாதி முளைத்தாலும் விதை நல்லதே; குறைவாக முளைத்தால் சற்று நெருக்கித் தூவினால் சரியாகிவிடும். களை எடுத்துச் சமன் செய்த பாத்தியில், விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மணல் கலந்தால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு வாரியால் மேலோட்டமாகக் கீறிவிட்டு, உள்ளங்கையாலோ பலகையாலோ மெல்ல அழுத்த வேண்டும். விதைமேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மண் போதும். புறாவும் சிட்டுக்குருவியும் வராமல் பழைய ஜன்னல் வலைத்துணியைப் பாத்தியின்மேல் விரித்து, முளை காட்டியதும் எடுத்துவிடுங்கள். நாற்றுத்தட்டில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடுவதும் இயலும், ஆனால் நேரடியாகத் தூவியவையே நன்றாக வேர் பிடிக்கின்றன என்பது என் அனுபவம். நாற்று மூன்று நான்கு இலை விட்டபின், செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிடுங்கள். பிடுங்கியதை வீணாக்க மனம் வராமல் நெருக்கமாக விட்டுவைத்தால், காற்றோட்டம் இல்லாமல் எல்லாமே நோயில் விழும்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு, நமாக்வாலாந்தின் ஆண்டு மழையை 200 மில்லிமீட்டர் என்று கொண்டால், பருவம் முழுவதற்கும் 800 லிட்டர் ஆகிறது. டர்பனில் ஏப்ரல், மே மாதங்களின் மழை அதில் ஒரு பகுதியைத் தந்துவிடும். முளைக்கும் வரை பூவாளியால் நாள்தோறும் மண் நனையுமளவு தெளித்து, அதன்பின் மழையில்லாத வாரத்தில் மட்டும் 20 லிட்டர் வாளியில் இரண்டு வாளி விட்டால், அது 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஜூன் முதல் ஆகஸ்ட் இறுதி வரையிலான பதின்மூன்று வாரமும் ஒரு துளி மழை விழாமல் போனாலும் மொத்தத் தேவை 520 லிட்டர்தான். 2018 பிப்ரவரியில் கேப் டவுன் மாநகரம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்து விட்ட நாள்களை நினைத்துப் பார்த்தால், ஒரு வாரத்துக்கு இந்தப் பாத்தி குடிப்பது அன்று ஒரு மனிதருக்கு ஒரு நாளுக்கு அளக்கப்பட்டதைவிடக் குறைவு. துணி அலசிய கடைசி நீரையும் அரிசி, காய்கறி கழுவிய நீரையும் விடலாம். சோப்பு மிகுந்த முதல் நீரும் பிளீச் கலந்த நீரும் கூடாது. எந்த நீரானாலும் காலையில், இலையில் படாமல், வேரடியில் விடுவது நல்லது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக நனைப்பது மேல். அப்போதுதான் வேர் கீழே இறங்கும்.

பூச்சி நோய்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இளநாற்றை நத்தை தின்னும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கிவிடலாம். மொட்டில் அசுவினி மொய்த்தால் வெறும் நீரைப் பீய்ச்சினாலே கழுவிக்கொண்டு போகும்.

பூத்தபின் ஓர் ஏமாற்றம் வரக்கூடும் என்பதால் முன்னரே சொல்லிவிடுகிறேன். பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்த பூ, வெயில் இல்லாமையால் கூம்பிவிடும். ஆகையால் மாலை கட்டவும் பூசைத் தட்டில் வைக்கவும் இது ஏற்றதன்று; அதற்கு உங்கள் வீட்டுச் செண்டுமல்லியே இருக்கட்டும். பாத்தியில் வாடிய தலைகளை வாரம் ஒருமுறை கிள்ளிவந்தால் பூக்காலம் நீளும். ஆகஸ்ட் இறுதியில் கிள்ளுவதை நிறுத்திவிட்டு, மிக நன்றாகப் பூத்த செடிகளை விதைக்கு விட்டுவிடுங்கள். தலை வைக்கோல் நிறமாகித் தொட்டால் உதிரும் நிலையில், பனி உலர்ந்த பிற்பகலில் சேகரித்து, சில நாள் நிழலில் காயவைத்து, காகித உறையில் இட்டு, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்த விதை பூஞ்சணம் பிடிக்கும். அறுத்த விதையை உடனே தூவ ஆசைப்பட வேண்டாம். ஒரு கோடை முழுவதும் உலர்ந்து கிடப்பதுதான் இதன் இயல்பு.

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியாவிலோ பிரிட்டோரியாவை ஒட்டிய லோடியமிலோ இருக்கும் உறவினர் கேட்டால், மார்ச்சிலேயே விதைக்கச் சொல்லுங்கள். வேர் பிடித்த செடி அங்குள்ள லேசான உறைபனியைத் தாங்கும், ஆனால் குளிர்காலம் அங்கே ஏறக்குறைய மழையற்றது என்பதால் வாராந்தர வாளிகளைத் தவறவிட முடியாது. கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதியில் இருப்பவர்களுக்கோ ஏப்ரலில் முதல் மழையன்று தூவுவதைத் தவிர வேலை அதிகம் இல்லை.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு, உண்மையாகவே ஆண்டு முழுவதும் நின்று, நம் கோடை மழையையும் குளிர்கால வறட்சியையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்ளும் செடி வேண்டுமானால், நமாக்வாலாந்து வரை போக வேண்டியதில்லை. நம் கடற்கரையிலேயே இதன் உடன்பிறப்பு இருக்கிறது. டிமார்ஃபோதீக்கா ஃபுருட்டிகோசா எனப்படும் அந்தப் படர் டெய்சி, கிழக்கு கேப்பிலிருந்து குவாசூலு-நட்டால் வரை கடலோர மணல்மேடுகளில் இயற்கையாக வளர்வது. நர்சரிகளில் ஆஸ்டியோஸ்பெர்மம் என்ற பழைய பெயரிலும் கிடைக்கும். சற்றே சதைப்பற்றுள்ள இலை, வெண்மையும் ஊதாவும் கலந்த பூ. பூக்காலம் பெரும்பாலும் குளிர்காலமும் வசந்தமும். தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் எல்லாம் வேர் விடுவதால் சரிவு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 2022 ஏப்ரல் பெருமழையில் கரை அரிக்கப்பட்ட மனைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணலில் நட்டு, மூன்று நான்கு வாரம் ஈரம் காத்தால் புதுச்செடி ஆயிற்று.

அதற்கு இணையானது கசானியா ரிஜென்ஸ். மஞ்சள் பூ; அடிப்புறம் வெண்பஞ்சு படர்ந்த இலை. அந்த வெண்மயிர்ப் படலம் நீராவி வெளியேறுவதைக் குறைப்பதால்தான் உப்புக்காற்றிலும் கொதிக்கும் மணலிலும் அது நிற்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து நட்டால் நடுப்பகுதி வழுக்கையாகாது. பெரிய பூவும் கோடுபோட்ட இதழும் கொண்ட கலப்பினக் கசானியாக்கள் கடைகளில் பளிச்சென்று இருக்கும். நீடித்து நிற்பவை கடலோர இனத்திலிருந்து வந்தவையே. இதே கசானியா தெற்கு ஆஸ்திரேலியாவில் களைச்செடியாகப் பரவிவிட்டது. வெளிநாட்டு உறவினருக்கு உறையில் விதை போட்டு அனுப்பும் வழக்கம் நம்மவரிடம் உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். இந்த இரு செடிகளிலும் அது வேண்டாம்.

இவற்றோடு புல்பைனும் காட்டுப்பூண்டும் சேர்ந்தால் பாத்தியின் ஓரம் ஆண்டு முழுவதும் வெறுமையாக இராது. புல்பைன் ஃபுருட்டெசென்ஸ் சதைப்பற்றான குழல் இலையும் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பூக்கதிரும் உடையது. இலையைக் கிள்ளினால் வரும் பசையைச் சிறு தீக்காயத்தில் தடவுவது இந்நாட்டு மக்களிடம் பழைய வழக்கம். துல்பாகியா வயோலேசியா எனும் காட்டுப்பூண்டு, கோடையில் இளஊதாப் பூ விடும்; பூண்டு மணம் வீசும் அதன் இலையை நறுக்கிச் சமையலிலும் சேர்க்கலாம். அதை வீட்டைச் சுற்றி நட்டால் பாம்பு வராது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நம்பிக்கைக்காக நட வேண்டாம், பூவுக்காகவே நடலாம்.

என் யோசனை இது: பாத்தியின் மூன்று ஓரங்களிலும் படர் டெய்சி, கசானியா, காட்டுப்பூண்டு ஆகியவற்றை நிரந்தரமாக நட்டுவிட்டு, நடுவிடத்தை மட்டும் நமாக்வாலாந்து டெய்சிக்கு ஒதுக்குங்கள். அக்டோபரில் அது காய்ந்ததும் அந்த நடுவிடத்தில் கோடை மழைக்குத் தண்டுக்கீரை தூவலாம். மார்ச்சில் கீரை முற்றியதும் பிடுங்கிக் கிளறிவிட்டால், டெய்சி விரும்பும் கிளறிய மண் தயாராகிவிடும். கீரைக்கென்று அதிக எரு மட்டும் இடாதீர்கள். ஓரச்செடிகளை முதல் ஓராண்டுக்கு வாரம் ஒருமுறை நனைத்தால் போதும். அதன்பின் நீண்ட வறட்சியில் மட்டும் நீர் விடலாம்.

செடிகளுக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். உங்கள் சாட்ஸ்வர்த்திலேயே சில்வர்கிளன் இயற்கைக் காப்பகத்தில் நாட்டு மருந்துச் செடிகளுக்கான நர்சரி ஒன்று உண்டு. காட்டுப்பூண்டையும் புல்பைனையும் பற்றி முதலில் அங்கே விசாரியுங்கள். மற்றவற்றை உள்நாட்டுச் செடிகளை மட்டும் விற்கும் நர்சரிகளில் கேட்டுப் பெறலாம். அடுத்த முறை நமாக்வாலாந்துக்குப் போகும்போது அங்கிருந்து செடியையோ விதையையோ கிழங்கையோ எடுத்து வராதீர்கள். அனுமதியின்றி எடுப்பது சட்டப்படி குற்றம், அண்மை ஆண்டுகளில் அப்பகுதியின் சதைப்பற்றுச் செடிகள் பெருமளவில் திருடுபோனதால் வழிச்சோதனையும் கடுமையாகியிருக்கிறது. விதையை விதைக்கடையில் வாங்குங்கள். ஜனவரியிலேயே வாங்கி வைத்தால் பங்குனிக்குள் முளைப்பைச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கும்.